ஒரே மாதிரி நாலு ரைஃபிள் எதுக்கு? ஒற்றைத் துப்பாக்கியோடு காடு சுற்றிய கென்னத் ஆண்டர்சனின் கதை

ஏற்காடு போனவர்கள் லேடிஸ் சீட்டில் நின்று ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பார்கள். கீழே சேலம் நகரம். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர் பளபளக்கும். அந்தத் தண்ணீரை எதிர்த்துக் காவிரியில் மேலே போனால் ஒகேனக்கல். அதைச் சுற்றி பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி காடுகள்.

இன்று இவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருக்கின்றன. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, சேர்வராயன் மலையும் இந்தக் காடுகளும் ஒரே சேலம் மாவட்டம்தான். அந்தப் பழைய சேலம் ஜில்லாவின் புலிகளையும் சிறுத்தைகளையும் உலகம் முழுக்க வாசிக்க வைத்தவர் கென்னத் ஆண்டர்சன்.

வேட்டை இலக்கியம் படிக்கிறவர்களுக்கு வழக்கமாக ஒரு சந்தேகம் வரும். அந்தக் கால வேட்டைக்காரர்கள் ஏன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் மூன்று, நான்கு ரைஃபிள்களை வைத்திருந்தார்கள்? ஒன்று போதாதா? ஆண்டர்சன் மட்டும் எப்படி பெரும்பாலும் ஒரே துப்பாக்கியோடு காலம் தள்ளினார்? விடை கொஞ்சம் ரத்தம் தோய்ந்தது.

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8 அன்று செகந்திராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்தவர். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். படித்தது பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோ அனுப்பி வைத்தார்கள். மனசு ஒட்டவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டார்.

தபால் தந்தித் துறையில் சுமார் 15 ஆண்டுகள் வேலை. பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் பொறுப்பான பதவி. அதாவது இவர் மகாராஜாவும் இல்லை, முழுநேர வேட்டைக்காரரும் இல்லை. லீவு கிடைத்தால் தன் ஸ்டூடிபேக்கர் காரை எடுத்துக்கொண்டு ஓசூர் பக்கம் கிளம்பிவிடும் ஒரு சம்பளக்காரர்.

1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் என்று அரசுப் பதிவில் இருப்பவை 8 சிறுத்தைகளும் 7 புலிகளும். உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பார்கள் ரசிகர்கள். எழுத்தில் கொஞ்சம் மசாலா உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1954-ல் வந்த முதல் புத்தகத்திலேயே ஜவளகிரி, கும்ளாபுரம் போன்ற பெயர்கள் உலக வாசகர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

அந்த ஒரு துப்பாக்கி

அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது .405 வின்செஸ்டர். ஜான் பிரவுனிங் வடிவமைத்த, அமெரிக்கத் தயாரிப்பான 1895 மாடல் ரைஃபிள். இதில் .405 தோட்டா 1904-ல் அறிமுகமானது. அந்த எண் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 10-க்குக் கொஞ்சம் மேலே. குண்டின் எடை சுமார் 19 கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் பாயும். சுட்டவுடன் தோளில் நல்ல உதையும் கிடைக்கும்.

விசைக்குக் கீழே வளையம்போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். இரட்டைக் குழல் ரைஃபிளில் இரண்டு முறை சுட்டதும் திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். இதில் மூன்றாவது குண்டும் உடனே தயார். பாய்ந்து வரும் புலிக்கு முன்னால் நிற்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இதே ரகம்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு, ஒரு கனமான ஹாலந்து அண்ட் ஹாலந்து இரட்டைக் குழல் என்று ஒரு வரிசையே கூடப் போனது.

சரி, மற்றவர்கள் ஏன் அடுக்கி வைத்தார்கள்?

முதல் காரணம், மிருகம். புள்ளிமானுக்குப் போதுமான குண்டு காட்டெருமையின் தோளைத் துளைக்காது. யானைக்கு நசுங்காத கெட்டிக் குண்டு வேண்டும். புலிக்கும் சிறுத்தைக்கும் உள்ளே போய் விரியும் மென்முனைக் குண்டு வேண்டும். ஒரே காட்டில் இவை எல்லாமே இருந்தால் ஒரு துப்பாக்கி தடுமாறும். சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களுக்குள் இன்றும் காட்டெருமை வந்து நிற்பதைப் பார்க்கிறோம். அந்த உடம்பை நேரில் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

இரண்டாவது, ரிப்பேர். காட்டுக்குள் ஸ்பிரிங் உடைந்தால், மழையில் கட்டை ஊதினால், சரிசெய்ய ஆள் கிடையாது. இன்னொன்று கைவசம் இருந்தால்தான் வேட்டை தொடரும்.

மூன்றாவது, தோட்டாவும் சட்டமும். இது இந்தியாவுக்கே உரிய கதை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் .450 அளவு. அந்தத் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 ரகங்களை இந்தியாவுக்குக் கொண்டுவர அரசு தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று மயிரிழை வித்தியாசத்தில் புதிய அளவுகளை இறக்கின. அடிப்படையில் எல்லாம் ஒரே வேலை செய்யும் துப்பாக்கிகள். பட்டியலில் மட்டும் எண் வேறு. ஒரே மாதிரியான ரைஃபிள்கள் இத்தனை பெயர்களில் உலவியதற்கு இந்தத் தடை ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது காரணம்தான் நிஜமாகவே சுவாரஸ்யம். வேறு வேறு வேலைக்கு வேறு வேறு துப்பாக்கி என்றால், ஏன் அவை பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும்? பழக்கம்தான். புதரிலிருந்து சிறுத்தை கிளம்பி மேலே விழ ஓரிரு வினாடி போதும். சேஃப்டி எங்கே, குறி எங்கே என்று யோசிக்க நேரம் கிடையாது. கை தானாக ஓட வேண்டும். வேறு வேறு பைக் ஓட்டினாலும் கியரும் பிரேக்கும் அதே இடத்தில் இருந்தால் நிம்மதி இல்லையா? அதே கணக்குதான். குண்டின் அளவு மாறலாம். கட்டையின் நீளம், எடை, விசையின் இறுக்கம் மாறக் கூடாது என்று நினைத்தார்கள்.

இதோடு பெருமைக்கு வாங்கியது, பரிசாக வந்தது, அப்பா விட்டுப்போனது எல்லாம் சேர்ந்தால் அலமாரி நிறைந்துவிடும்.

கார்பெட்டுக்கு நடந்தது

துப்பாக்கியோ தோட்டாவோ குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம் கார்பெட்டே சாட்சி. 1907-ல் குமாவுன் மலையில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் துரத்தியபோது அவரிடம் இருந்தது இரட்டைக் குழல் ரைஃபிளும் மூன்றே மூன்று தோட்டாக்களும். மூன்றும் தீர்ந்த பிறகும் புலி விழவில்லை. ஓடிப்போய், கூட வந்திருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து கடைசிக் குண்டைச் சுட வேண்டியதாயிற்று.

அந்த வேட்டைக்குப் பரிசாகக் கிடைத்ததுதான் அவருடைய புகழ்பெற்ற .275 ரிக்பி. மலையேறி நடக்க லேசான அது, பெரிய மிருகத்துக்கு.450/400 இரட்டைக் குழல். கார்பெட் இப்படி இரண்டு, மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்.

ஜவளகிரியில் நடந்த தப்பு

இப்போது மறுபடி சேலம் ஜில்லாவுக்கு வருவோம். ஆண்டர்சன் எழுதிய ஜவளகிரி ஆட்கொல்லி, பிறவியிலேயே மனிதரைத் தின்ற மிருகம் இல்லை. இணைசேரும் காலத்தில் அதன் துணையான ஆண்புலியைச் சுட்டுவிட்டார்கள். துணையைத் தேடி ஊரைச் சுற்றி உறுமிக்கொண்டிருந்த பெண்புலியை இன்னொரு வேட்டைக்காரர் சுட்டார். சாகவில்லை, காயம் மட்டும். அதன் பிறகுதான் ஆடு மாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்கப் போகிறவர்களும் சாக ஆரம்பித்தார்கள்.

ஆண்டர்சனின் கதைகளில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வரும். கருமருந்தும் ஈயத்துண்டும் அடைத்த நாட்டுத் துப்பாக்கியால் அரைகுறையாகச் சுடப்பட்ட சிறுத்தை. முள்ளம்பன்றி முள் காலில் ஏறி மானைத் துரத்த முடியாத புலி. ஓடும் இரையைப் பிடிக்க முடியாதபோது அவை மெதுவாக நடக்கும் மனிதரிடம் வருகின்றன. கும்ளாபுரம் சிறுத்தை 42 பேரைக் கொன்றது என்று எழுதுகிறார். பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்காத ஊர்கள் அவை.

அப்படியானால், தவறிப்போன ஒவ்வொரு குண்டும் அடுத்த ஆட்கொல்லியை உருவாக்கக்கூடியது. பணக்காரர்கள் நாலு ரைஃபிள் வைத்துக்கொண்டதன் நியாயமான பக்கம் இதுதான்: முதல் குண்டு பொய்த்தால், இரண்டாவது பொய்க்கக் கூடாது.

ஆண்டர்சன் எப்படிச் சமாளித்தார்?

இதே பிரச்சினையை அவர் வேறு பக்கமிருந்து அணுகினார். துப்பாக்கியை மாற்றாமல், அதன் ஒவ்வொரு குணத்தையும் கைக்குப் பழக்கினார். குழலோடு டார்ச்சைப் பொருத்தி, இருட்டில் குறி பார்க்கும் வழியை ஏற்படுத்திக்கொண்டார். தூரத்திலிருந்து சுடும் ஆசையை விட்டார். பரணில் இரவு முழுக்க அசையாமல் உட்கார்ந்து, மிருகம் கிட்டத்தில் வரும்வரை காத்திருந்தார். ஜவளகிரிப் புலியைப் பிடித்ததும் அப்படித்தான். ஆண்புலியைப் போல் உறுமி, அதைத் தன் பக்கம் வரவழைத்து, நேருக்கு நேர் சுட்டார்.

இன்னொரு துணையும் இருந்தது. முத்தூர் மலைப் பக்கத்து பைரா. பென்னாகரத்து ரங்கா. இருவரும் காட்டைக் கையிலிருக்கும் ரேகையைப் போலப் படிக்கத் தெரிந்தவர்கள். பைரா, சின்னாற்றங்கரையில் திருட்டு வேட்டையாடித் திரிந்தபோது ஆண்டர்சனுக்கு அறிமுகமானவர். கெம்பகரை ஆட்கொல்லியைத் தேடிய வேட்டையில் புலியிடம் சிக்கிப் படுகாயமடைந்து பிழைத்தவர். எந்தச் சுவடு எத்தனை மணி நேரப் பழசு, எந்தப் பறவை எதைப் பார்த்துக் கத்துகிறது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். இரண்டாவது ரைஃபிள் செய்யாத வேலையை இவர்கள் செய்தார்கள்.

இதில் ஆபத்தும் இருந்தது. ஒற்றைத் துப்பாக்கி மக்கர் செய்தால் மாற்று இல்லை. .405-க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வின்செஸ்டர் 1895 மாடலின் தயாரிப்பே 1940-ல் நின்றுவிட்டது. துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தோட்டா கிடைக்காவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பி. ஒரே அளவை நம்பியிருப்பவர்களின் தலைவலி இது.

இப்போது நிலைமை என்ன?

1972-ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. பிற்கால எழுத்துகளில் காடு அழிவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்ட ஆண்டர்சன், 1974 ஆகஸ்ட் 30 அன்று பெங்களூருவில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கதைகளைப் பூர்ணசந்திர தேஜஸ்வி கன்னடத்துக்குக் கொண்டுபோனார். இன்றும் அங்கே அவை விற்றுக்கொண்டே இருக்கின்றன.

துப்பாக்கி அலமாரியும் சுருங்கிவிட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள்வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த ஆயுதச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. இப்போது சாதாரண உரிமதாரருக்கு இரண்டுதான். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி சேலம் பக்கத்து மலைக் கிராமங்களில் அதிகாரிகள் கேட்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அரைகுறைக் காயம் ஒரு சிறுத்தையை என்ன செய்யும் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் அவசியமும் தெரியும்.

ஆண்டர்சன் பரண் கட்டிய காடுகளில் பெரும்பகுதி 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், 2022-ல் காவேரி தெற்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. ஜவளகிரியும் அஞ்செட்டியும் இப்போது யானைகளின் வழித்தடம். அங்கே மரத்தில் கட்டிவைப்பது தானியங்கிக் கேமராக்களை. இரவில் புதரிலிருந்து ஒரு சிறுத்தை வெளியே வந்தால் மினுக்கென்று ஒரு வெளிச்சம், ஒரு படம். அவ்வளவுதான். அது பாட்டுக்கு நடந்து போய்விடும், காயம் எதுவும் இல்லாமல்.