களவும் கைங்கர்யமும்

சோழநாட்டுத் திருமண்டங்குடியில் மார்கழிக் கேட்டையில் வனமாலையின் அம்சமாய் அவதரித்தவர் விப்ரநாராயணர். திருவரங்கத்தில் அரங்கன் வடிவழகில் ஈடுபட்டு, அங்கேயே நந்தவனம் அமைத்து, துளவமும் மலரும் தொடுத்துச் சமர்ப்பிப்பதையே வாழ்வாகக் கொண்டார். பின்னாளில் தொண்டரடிப்பொடியாழ்வார் என்று நாம் வணங்கும் இவர், ஒரு களவு வழக்கில் சிறையிருந்தவர். பூர்வர்கள் இதனை மறைக்கவில்லை. குருபரம்பரை விரிவாகவே உரைக்கின்றது.

தேவதேவி நந்தவனத்தில் இளைப்பாற வந்ததும், தன்னை ஏறெடுத்தும் பாராத தொண்டரை வசப்படுத்துவதாகத் தமக்கையிடம் சபதம் செய்ததும் நம் வாசகர் அறிந்தவையே. ஆபரணங்களைக் களைந்து ஆறு மாத காலம் அவள் நந்தவனப் பணி செய்தாள். ஒரு மழை நாளில் நனைந்து நின்றவளை இரங்கி உள்ளே அழைத்தார். இரக்கத்தின் வழியாகவே அவர் வீழ்ந்தார் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பிறகு பூக்குடலையைக் கை மறந்தது. அவள் தன் இல்லத்துக்குத் திரும்பியபோது பின்தொடர்ந்தார். கைப்பொருள் தீர்ந்ததும் கதவு அடைபட்டது. அப்போதும் அகல முடியாமல் வாசலிலேயே கிடந்தார். எப்பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர்க்கும் நிலை இதுவே.

பெரிய பிராட்டியார் புருஷகாரம் செய்ய, எம்பெருமான் தன் பொன்வட்டிலை எடுத்துச் சென்று, அழகியமணவாளன் என்னும் ஏவலாளாகத் தேவதேவியிடம் கொடுத்தருளினான். கதவு திறந்தது. மறுநாள் வட்டிலைக் காணாமல் அர்ச்சகர் திகைத்தனர். அது அவள் மனையில் அகப்பட்டது. தமக்கு ஏவலாள் எவருமில்லை என்று விப்ரநாராயணர் சொன்னது உண்மை. அவர் அனுப்பியதாக ஒருவன் வந்து கொடுத்தான் என்று அவள் சொன்னதும் உண்மை. பெட்டகச் சாவியோடு பல்லாண்டு வங்கியில் கழித்த நமக்கு, அரசன் தீர்ப்பில் பிழை காண இயலவில்லை. சாட்சியங்கள் காட்டிய வழியில் அவன் சிறையிட்டான். பெருமாள் கனவில் எழுந்தருளி உண்மையை உணர்த்தியதும் விடுவித்தான்.

களவுப்பழி நீங்கியபின் அவர் தலைநிமிர்ந்து நடந்திருக்கலாம். அவரோ பெரியோரை அணுகிப் பிராயச்சித்தம் கேட்டார். பாகவதர்களின் ஸ்ரீபாத தீர்த்தமே அது என்று அவர்கள் விதிக்க, அதனை ஏற்று, அடியார் திருவடித் தூளியையே தம் திருநாமமாகவும் தரித்தார். திருமாலையின் 16ஆம் பாசுரத்தில் தம்மைச் சூதாடி என்றும் கள்வன் என்றும் தாமே சொல்லிக்கொள்கிறார். அரசன் தள்ளுபடி செய்த குற்றத்தை ஆழ்வார் ஏன் மீண்டும் ஏற்கவேண்டும்? எம்பெருமான் உடைமையான ஆத்மாவைத் தன்னது என்று எண்ணுவதே களவு என்பது நம் சித்தாந்தம். வட்டில் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கணக்கு வேறு, இது வேறு.

தேவதேவியும் தன் செல்வத்தை அரங்கனுக்கே சமர்ப்பித்துக் கைங்கர்யத்தில் ஈடுபட்டாள். ஆழ்வார் திருமாலையில் 45, திருப்பள்ளியெழுச்சியில் 10 ஆகப் பாடிய 55 பாசுரங்களும் திருவரங்கனுக்கே உரியவை. திருப்பள்ளியெழுச்சியின் கடைசிப் பாசுரத்தில், துளவமும் கூடையும் தோளில் விளங்க நின்று, அடியார்க்குத் தம்மை ஆட்படுத்தும்படி வேண்டுகிறார்.