எழுத்துகளை எண்ணிய அறிஞர் அல் கிந்தி

அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் வாழ்ந்த அறிஞர்களுள் என் மனதைப் பெரிதும் கவர்ந்தவர் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல் கிந்தி. கி.பி. 801 அளவில் ஈராக்கின் கூஃபா நகரில் பிறந்தார். தந்தை அந்நகரின் ஆளுநர். பக்தாத்தில் கல்வி கற்ற அல் கிந்தி, கலீபா மஃமூனின் ஆதரவைப் பெற்றார். அடுத்து வந்த கலீபா முஃதஸிமின் மகனுக்கு ஆசிரியராகவும் இருந்தார். கிரேக்க நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த அறிஞர் குழுவொன்றை வழிநடத்தினார். மெய்யியல், மருத்துவம், கணிதம், ஒளியியல், இசை என அவர் எழுதாத துறை குறைவு. அரபுகளின் மெய்யியலாளர் என்ற சிறப்புப் பெயரும் அவருக்கு உண்டு.

இவற்றுள் என்னை வியக்க வைத்தது, மறையெழுத்தை விடுவிப்பது பற்றி அவர் எழுதிய சிறுநூல். ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறொரு குறியை இட்டு எழுதினால் யாருக்கும் புரியாது என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். அல் கிந்தி சொன்ன வழி எளிது. அதே மொழியில் நீண்டதொரு பகுதியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். அரபில் அலிஃபும் லாமும் முன்னிற்கும். பிறகு மறையெழுத்திலும் குறிகளை எண்ணி, மிகுதியாக வரும் குறியை மிகுதியாக வரும் எழுத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குறி மாறினாலும் மொழியின் பழக்கம் மாறாது. ஆனால் செய்தி மிகச் சிறியதாக இருந்தால் இவ்வழி கைகொடுக்காது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இணையத்தில் உள்ள எழுத்து மாற்றும் கருவிகளில் இதை நானும் சோதித்துப் பார்த்தேன். ‘அறிவு’ என்ற சொல்லை பேஸ்64 முறையில் மாற்றியபோது 20 குறிகள் கிடைத்தன. அவற்றை நான்கு நான்காகப் பிரித்தால், ஐந்து கூறுகளும் 4 என்ற இலக்கத்தோடும் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தோடும் தொடங்கின. யூனிகோட்டில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து இருப்பதே காரணம். மூலச் சொல்லைப் பெறத் திறவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சொடுக்கு போதுமாக இருந்தது. உருமாற்றுவது வேறு, பாதுகாப்பது வேறு. கடவுச்சொல்லையோ அந்தரங்கச் செய்தியையோ இப்படி மாற்றி அனுப்பிவிட்டு, மறைத்துவிட்டோம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

அல் கிந்தியின் பிற்காலம் துன்பம் நிறைந்தது. கலீபா முதவக்கிலின் ஆட்சியில், பனூ மூஸா சகோதரர்களின் சூழ்ச்சியால் அவர் தண்டிக்கப்பட்டார். அவரது நூலகமும் பறிக்கப்பட்டது. பின்னர் அச்சகோதரர்களின் பொறுப்பில் வெட்டப்பட்ட கால்வாயொன்று பிழையாக அமைந்தது. கலீபாவின் கோபத்துக்கு அஞ்சிய அவர்கள், ஸனத் இப்னு அலி என்ற பொறியியலாளரின் உதவியை நாடினர். அல் கிந்தியின் நூல்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் உதவுவேன் என்று அவர் உறுதியாக நின்றதாக வரலாறு கூறுகிறது. நூல்களும் உரியவரிடம் திரும்பின.

கி.பி. 873 அளவில் அல் கிந்தி பக்தாத்தில் காலமானார். அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மறையெழுத்து பற்றிய சிறுநூலோ இஸ்தான்புல் நூலகமொன்றில் கையெழுத்துப் பிரதியாகத் தங்கியிருந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. பொறுமையாக எண்ணிப் பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சியே என்பதை அவரது வாழ்விலிருந்து நான் கற்றுக்கொண்டேன். சகோதரிகளே, ஒரு தாளும் பேனையும் இருந்தால் நாமும் அதைத் தொடங்கலாம்.