கையை உதைக்கும் துப்பாக்கியைப் பழக்கிய மனிதர்: யார் இந்த ஜான் பிரவுனிங்?

சினிமாவில் ஹீரோ ஒரு கையால் பிஸ்டலைப் பிடித்துச் சுட்டுக்கொண்டே போவார். கை அசையவே அசையாது. நிஜத்தில் அப்படி நடக்காது. குண்டு முன்னால் பாயும் அதே கணத்தில் துப்பாக்கி பின்னால் உதைக்கும், முனை மேல் நோக்கி எகிறும். இதைத்தான் பின்னுதைப்பு என்கிறார்கள். சில துப்பாக்கிகள் கையை வெடுக்கென்று உதறிவிடும். சில, பெரிய குண்டைச் சுட்டாலும் கையை மெதுவாகத் தள்ளுவதுபோல் மட்டுமே இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? பதில் தோட்டாவில் பாதி, துப்பாக்கியின் அமைப்பில் பாதி. அந்த இரண்டாவது பாதியில் பெரும்பகுதியை எழுதியவர், நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு அமெரிக்கர். பெயர், ஜான் மோசஸ் பிரவுனிங்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1855 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் ஊரில் பிறந்தார் பிரவுனிங். அப்பா ஜோனதன், துப்பாக்கி செய்பவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். பட்டறைதான் பிரவுனிங்குக்குப் பள்ளிக்கூடம். பத்து வயதிலேயே பட்டறையில் கிடந்த பழைய இரும்புகளை வைத்து ஒரு துப்பாக்கி செய்துவிட்டார் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

1879இல் அப்பா இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பிரவுனிங்குக்கு முதல் காப்புரிமை கிடைத்தது, ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒன்றுக்கு. தம்பிகளோடு சேர்ந்து ஆக்டனிலேயே சில நூறு துப்பாக்கிகளைச் செய்து விற்றார். அதில் ஒன்று எப்படியோ கிழக்கே வின்செஸ்டர் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1883இல் அந்த நிறுவனத்தின் டி.ஜி. பென்னட் நேரில் ரயிலேறி வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் சின்ன ஊர்ப் பட்டறைக்கு அது பெரிய தொகை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வின்செஸ்டரின் புகழ்பெற்ற பல மாடல்கள் பிரவுனிங்கின் மூளையில் பிறந்தவைதான்.

ஆடிய புல், பிறந்த யோசனை

1889ஆம் ஆண்டு. சகோதரர்களோடு துப்பாக்கி சுடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார் பிரவுனிங். ஒருவர் சுடும்போது துப்பாக்கி முனைக்கு அருகே இருந்த புல் புதர் சடாரென்று வளைந்து நிமிர்ந்தது. குண்டு அதைத் தொடவே இல்லை. வளைத்தது வெடிவாயு. பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான். ஆனால் பிரவுனிங்குக்கு உறைத்தது ஒன்று: இவ்வளவு சக்தி வீணாகப் போகிறதே, இதை ஏன் வேலை வாங்கக் கூடாது?

அதே கேள்வி பின்னுதைப்புக்கும் பொருந்தும். அந்தச் சக்தியை வைத்தே தானாக இயங்கும் இயந்திரத் துப்பாக்கியை 1880களிலேயே ஹிராம் மாக்சிம் செய்து காட்டிவிட்டார். ஆனால் அது தாங்கியில் நிற்கும் கனமான ஆயுதம். ஒரு கையில் பிடிக்கும் பிஸ்டலில் அதைச் செய்வது வேறு கணக்கு. அங்கே தாங்கி மனிதனின் மணிக்கட்டுதான்.

நியூட்டனை ஏமாற்ற முடியாது

இங்கே கொஞ்சம் இயற்பியல். குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். முன்னால் எவ்வளவு உந்தம் போகிறதோ, அவ்வளவு பின்னாலும் வரும். இதில் எந்த வடிவமைப்பாளரும் தள்ளுபடி வாங்க முடியாது. வடிவமைப்பாளர் கையில் இருப்பவை நான்கு: துப்பாக்கியின் எடை, உதை கைக்கு வந்துசேர எடுக்கும் நேரம், குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, பிடியின் வடிவம்.

எடை கூடினால் உதை குறையும். நேரம் நீண்டால் அடி, தள்ளலாக மாறும். குழல் உயரமாக இருந்தால் நெம்புகோல்போல முனை மேலே எகிறும். பிடி அகலமாக இருந்தால் அதே உதை உள்ளங்கை முழுக்கப் பரவும். குறுகலாக இருந்தால் ஒரே இடத்தில் குத்தும். நமக்குத் 'தெரியும் உதை' என்பது இந்த நான்கும் சேர்ந்ததுதான்.

சின்னத் தோட்டாவுக்குச் சின்ன வைத்தியம்

1897 ஏப்ரலில் பிஸ்டல்களுக்கான முக்கியக் காப்புரிமைகள் பிரவுனிங்குக்குக் கிடைத்தன. அதே ஆண்டு பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டாலில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்ததுதான் எஃப்.என். 1900 பிஸ்டல். அதற்காகவே 7.65 மி.மீ. தோட்டாவை உருவாக்கினார். இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் இன்றும் பரவலாக இருக்கும் '.32' தோட்டா இதுதான்.

இந்தப் பிஸ்டலில் குழல் அசையாது. அதன் மேலே 'ஸ்லைடு' என்கிற உலோகக் கூடு முன்னும் பின்னும் ஓடும். இன்று பிஸ்டல் என்றதும் கண்ணில் தெரியும் அந்த ஸ்லைடு, பிரவுனிங் தந்தது. வெடிவாயு காலித் தோட்டாக்கூட்டைப் பின்னால் தள்ளும். கூடு ஸ்லைடைத் தள்ளும். ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் அதற்குத் தடை. இந்த முறைக்கு 'ப்ளோபேக்' என்று பெயர். பூட்டு எதுவும் கிடையாது, அமைப்பு எளிமை, விலையும் குறைவு.

இன்னொரு நுணுக்கம்: 1900 மாடலில் ஸ்பிரிங்கைக் குழலுக்கு மேலே வைத்தார். அதனால் குழல் கைக்கு நெருக்கமாகக் கீழே இறங்கியது. குழல் இறங்கினால் முனை எகிறுவதும் குறையும். இன்றைக்கும் பிஸ்டல் வாங்குபவர்கள் குழல் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பார்ப்பதற்குக் காரணம் இதே கணக்குதான்.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிரெஞ்சு மொழியில் பிரவுனிங் என்ற பெயரே கைத்துப்பாக்கியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

பெரிய தோட்டாவுக்கு அது சரிவராது

.32 குண்டின் எடை 5 கிராமுக்கும் குறைவு. அதற்கு ப்ளோபேக் போதும். ஆனால் அமெரிக்க ராணுவம் கேட்டது வேறு. பிலிப்பைன்ஸ் சண்டையில் .38 ரிவால்வர்கள் எதிரியை நிறுத்தவில்லை என்று வீரர்கள் புகார் சொன்னார்கள். 1904இல் நடந்த சோதனைகளுக்குப் பிறகு, .45 அங்குலத்துக்குக் குறையாத குண்டு வேண்டும் என்று பரிந்துரை வந்தது. .45 குண்டின் எடை சுமார் 15 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர். .32ஐவிட மூன்று மடங்கு உந்தம்!

இதை ப்ளோபேக்கில் செய்தால் ஸ்லைடு இரும்புக் கட்டிபோல் கனக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கையால் இழுக்கவே முடியாது. பிரவுனிங்கின் தீர்வு, குழலையும் ஸ்லைடையும் பூட்டிவிடுவது. சுட்டதும் இரண்டும் ஒன்றாகச் சில மில்லிமீட்டர் பின்னால் நகரும். அதற்குள் குண்டு வெளியே போய்விடும், வாயு அழுத்தம் இறங்கிவிடும். பிறகு குழலின் பின்பக்கம் ஒரு சின்ன இணைப்பால் கீழே இழுக்கப்பட்டுப் பூட்டு அவிழும். ஸ்லைடு மட்டும் பயணத்தைத் தொடரும்.

இதனால் கைக்கு என்ன லாபம்? முதல் அதிர்ச்சியைக் குழல், ஸ்லைடு இரண்டின் எடையும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. ஸ்லைடின் வேகம் அடங்குகிறது. ஸ்பிரிங் அந்த உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குக் கொடுக்கிறது. குண்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிதான் ஆகும். ஸ்லைடு பின்னால் போய் முடிக்க அதைப்போலப் பல மடங்கு நேரம். மொத்த உந்தம் அதேதான். ஆனால் அடியாக வர வேண்டியது தவணை முறையில் வருகிறது.

1911 மார்ச்சில் ராணுவத்தின் இறுதிச் சோதனை. எதிரே சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டல். 6,000 தோட்டாக்கள் சுட வேண்டும். துப்பாக்கி கொதித்தால் தண்ணீரில் முக்கி எடுத்து மீண்டும் சுட வேண்டும். சாவேஜ் 37 முறை தடுமாறியது. பிரவுனிங் வடிவமைத்து கோல்ட் நிறுவனம் செய்த பிஸ்டல் ஒருமுறைகூட நிற்கவில்லை. மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றது. 'எம்1911' என்ற பெயரில் 1980கள் வரை அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது அதுதான்.

சின்ன கேலிபர் என்றால் மெதுவான உதையா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். பிரவுனிங்கின் இரண்டு பிஸ்டல்களையே எடுத்துப் பார்த்தால் அந்த நினைப்பு தப்பு என்று தெரியும். எம்1911இன் எடை சுமார் 1.1 கிலோ. 15 கிராம் குண்டு நொடிக்கு 250 மீட்டரில் பாய்ந்தால், வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டாலும், துப்பாக்கி நொடிக்குச் சுமார் 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும்.

அதே காலத்து எஃப்.என். 1910 மாடல், .380 தோட்டாவுக்கானது. குண்டு 6 கிராமுக்குச் சற்று அதிகம், உந்தம்.45இல் பாதிகூட இல்லை. ஆனால் துப்பாக்கியின் எடை சுமார் 600 கிராம்தான். பின்னால் வரும் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை! போதாததற்கு அது ப்ளோபேக், பிடியும் குறுகல். மொத்தச் சக்தியில் .45தான் பெரிது என்றாலும், சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டிப் பிஸ்டல் கையைச் சுள்ளென்று கடிப்பதற்கும், கனமான .45 உள்ளங்கையைத் தள்ளுவதுபோல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

சரயேவோவில் வெடித்தது

1914 ஜூன் 28. சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட கவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. கையில் இருந்தது, மேலே சொன்ன அதே எஃப்.என். 1910, .380. தொடர்ந்து வந்தது முதல் உலகப் போர்.

பையில் மறையும் அளவு, எளிதாகச் சுடக்கூடிய அமைப்பு. வாங்குபவர்களுக்கு வசதி என்று பிரவுனிங் யோசித்துச் செய்த இந்த இரண்டும், பயிற்சி அதிகம் இல்லாத ஓர் இளைஞனுக்கும் வசதியாக இருந்தன. துப்பாக்கியை மனிதக் கைக்குப் பழக்கிய அந்தத் திறமைக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது. அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

போரில் அமெரிக்கா இறங்கியபோது, இயந்திரத் துப்பாக்கி உள்ளிட்ட தன் படைப்புகளின் உரிமையை 7,50,000 டாலருக்கு அரசுக்குக் கொடுத்தார். ராயல்டியாக வாங்கியிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும்.

முடிக்காத கடைசி வேலை

1920களில் பிரெஞ்சு ராணுவத்துக்காக 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றில் இறங்கினார் பிரவுனிங். .45ஐவிட லேசான, ஆனால் வேகமான குண்டு. 1926 நவம்பர் 26 அன்று ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், மகன் வால் பிரவுனிங்கின் அலுவலக அறையில், மாரடைப்பால் இறந்தார். வயது 71. கணக்கில் 128 காப்புரிமைகள். கடைசிப் பிஸ்டலுக்கான காப்புரிமை அவர் இறந்து மூன்று மாதம் கழித்து, 1927 பிப்ரவரியில் வந்தது.

அந்த வேலையை முடித்தவர் எஃப்.என்.னில் அவரோடு இருந்த டியூடோனே சைவ். 1935இல் 'ஹை பவர்' என்ற பெயரில் வந்தது. இரட்டை வரிசை மேகசினில் 13 தோட்டாக்கள். அதனால் பிடி தடித்தது. உதை உள்ளங்கையில் பரவியது. குழலைக் கீழே இழுத்த சின்ன இணைப்புக்குப் பதில், குழலோடு சேர்ந்தே கடைந்த சரிவுப் பள்ளம் வந்தது. இன்றைய பிஸ்டல்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குழல் சாயும் முறையின் வாரிசுகள். நம் ராணுவத்திலும் காவல் துறையிலும் இருக்கும், இஷாபூர் தொழிற்சாலையில் தயாராகும் 9 மி.மீ. பிஸ்டலும் ஹை பவரின் வழிவந்ததே.

தோட்டாவின் உந்தத்தைப் பிரவுனிங் ஒரு துளியும் குறைக்கவில்லை, யாராலும் முடியாது. அது கைக்கு எப்படி வந்துசேர வேண்டும் என்பதை மட்டும் மாற்றினார். ஆக்டன் பட்டறையில் தொடங்கி ஹெர்ஸ்டால் அறையில் முடிந்த ஒரு முழு வாழ்க்கை அதற்குத் தேவைப்பட்டது.