மேரி மெக்கார்தர் அம்மையார்

போர் மூண்டபோது பெண்களை ஆலைக்கு அழைத்த நாடு, போர் ஓய்ந்ததும் அவர்களை அடுக்களைக்கு அனுப்ப முற்பட்டது. அந்நாளில் பிரித்தானிய உழைக்கும் மகளிர்க்காக வாதாடி நின்றவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மேரி மெக்கார்தர் அம்மையார்.

1880-இல் கிளாஸ்கோ நகரில் துணி வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். தந்தையின் கடையில் கணக்கெழுதி வந்த அவர், 1901-இல் கடைப் பணியாளர் சங்கக் கூட்டமொன்றைப் பற்றி எழுதச் சென்றார்; சங்கத்திற்கே தம்மை ஒப்படைத்தார். 1903-இல் இலண்டன் சென்று மகளிர் தொழிற்சங்கக் கழகத்தின் செயலாளரானார். 1906-இல் பெண் தொழிலாளர் தேசியக் கூட்டமைப்பை நிறுவினார். 1910-இல் கிரேட்லி ஹீத் என்னும் ஊரில், வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடித்த பெண்களுக்குச் சட்டப்படியான குறைந்த அளவுக் கூலியைத் தர முதலாளிகள் மறுத்தனர். பத்து வாரம் நீண்ட போராட்டத்தை அம்மையார் முன்னின்று நடத்தி வெற்றி கண்டார்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஆடவர் களம் புகுந்தனர். வெடிமருந்து ஆலைகளில் பெண்கள் நிறைந்தனர். ஆடவர் செய்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கு ஆடவர் பெற்ற கூலியே வேண்டும் என்று அவர் வாதாடினார். போர் முடிந்ததும் ஆடவர் இடங்களை அவர்களுக்கே விட்டுத்தருவதாகப் பொறியாளர் சங்கத்திற்கு அவருடைய கூட்டமைப்பு வாக்களித்திருந்தது. அவ்வாக்கே பின்னர்ச் சிக்கலாயிற்று.

1918 நவம்பரில் போர் நின்றது. வேலையிழந்த வெடிமருந்து ஆலைப் பெண்கள் அம்மாதமே பாராளுமன்றம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல மறுத்தோர் பலர்க்கு வேலையற்றோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டமொன்று போருக்கு முந்திய தொழில் நடைமுறைகளை மீண்டும் நிலைநிறுத்தியது. ஆடவர்க்குத் தந்த வாக்கைக் காப்பது கடமை. ஆயினும் உழைத்த பெண்ணைப் பசியால் அச்சுறுத்திப் பழைய ஏவற்பணிக்குத் துரத்துவது அறமாகாது. இவ்விரண்டிற்கும் இடையில் நின்றே அவர் போராட வேண்டியிருந்தது.

1918 டிசம்பர்த் தேர்தலில் ஸ்டவர்பிரிட்ஜ் தொகுதியில் அவர் நின்றார். நாடறிந்த மேரி மெக்கார்தர் என்னும் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. கணவர் பெயரால் திருமதி ஆண்டர்சன் என்றே அச்சாயிற்று. அவர் தோற்றார். பெண்ணுக்கு வேட்பாளராகும் உரிமை கொடுத்த அதே ஆண்டில், அவள் ஈட்டிய பெயர் அவளுக்கு மறுக்கப்பட்டது.

1919-இன் தொடக்கத்தில் கணவரை நச்சுக்காய்ச்சல் கொண்டுசென்றது. அத்துயரோடும் அவ்வாண்டே வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டிற்குச் சென்றார். மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை அம்மாநாட்டில்தான் நிறைவேறிற்று. 1921 ஜனவரி 1 அன்று, தம் நாற்பதாம் அகவையில் அவர் மறைந்தார்.

ஆலையை விட்டுப் பெண்கள் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் தம் உழைப்பின் விலையை அவர்கள் அறிந்துவிட்டனர். அவ்வறிவைப் பறிக்க எச்சட்டத்தாலும் இயலவில்லை.