மழையின் வேரைத் தேடிய கணிதர்

நுழையும்முன்

கல்வராயன் மலையில் பெய்யும் மழையின் அளவுக்கும் பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பசிபிக் பெருங்கடலின் வெப்பத்திற்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பின் ஒரு முனையை முதலில் கண்டறிந்தவர் கணித அறிஞர் ஒருவர். தாம் தேடியதை முழுமையாக அடையாமலே அவர் மறைந்தார். ஆயினும், அவர் விட்டுச்சென்ற இடத்திலிருந்தே இன்றைய வானிலை அறிவியல் தொடர்கிறது. அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையும் கடலும்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை உயர்ந்து நிற்கிறது. அங்குத் தோன்றும் கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் அணைகளை நிரப்பி, வயல்களுக்கு நீரூட்டி, வெள்ளாற்றின் வழியாகப் பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகின்றன. கடலிலிருந்து ஆவியாகி எழுந்த நீர், மழையாகி மீண்டும் கடலுக்கே திரும்புகிறது. மலைமேல் சாமையும் தினையும் விதைப்போரும், சமவெளியில் நெல்லும் கரும்பும் பயிரிடுவோரும் ஆண்டுதோறும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் எதிர்நோக்கியே வாழ்கின்றனர். ஓர் ஆண்டு அணை நிரம்பி வழிவதும் மற்றோர் ஆண்டு அதன் அடித்தளம் வெடித்துக் கிடப்பதும் ஏன் என்னும் வினா, உழவர்தம் வாழ்வோடு பிணைந்த வினாவாகும்.

பஞ்சம் எழுப்பிய வினா

அவ்வினாவின் கடுமையைத் தமிழகம் 1876ஆம் ஆண்டில் உணர்ந்தது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் தென்மேற்குப் பருவமழை குன்றியது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்த அக்கொடுமையில் தென்னிந்தியா முழுவதும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ஆட்சியின் தானிய ஏற்றுமதியும் போதாத நிவாரணமும் வறட்சியைப் பேரழிவாக மாற்றின.

1875இல் தொடங்கப்பட்டிருந்த இந்திய வானிலை ஆய்வுத்துறையிடம், பருவமழையை முன்கூட்டியே அறிவிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையின் பனிப்பொழிவுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருப்பதாகக் கருதி முன்னறிவிப்புகளை வெளியிட்டார். அவரை அடுத்து வந்த ஜான் எலியட், 1899ஆம் ஆண்டில் நல்ல மழை பெய்யும் என அறிவித்தார். அவ்வாண்டோ கடும் வறட்சி தாக்கியது. முன்னறிவிப்பின் மீதான நம்பிக்கை குலைந்தது. இந்நிலையில்தான் 1904இல் கில்பர்ட் வாக்கர் அத்துறையின் தலைமையை ஏற்றார்.

கணிதம் கற்ற இளமை

கில்பர்ட் வாக்கர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889இல் கணிதச் சிறப்புத் தேர்வில் முதலிடம் பெற்றார். சுழலும் பொருள்களின் இயக்கத்தில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. எறிந்தவரிடமே திரும்பிவரும் பூமராங் என்னும் வளைதடியின் பறத்தலைக் கணித முறையில் ஆராய்ந்தமையால், நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தனர்.

வானிலை அறிவியலில் அவருக்கு முன்பயிற்சி இல்லை. அதுவே ஒருவகையில் நன்மையாயிற்று. மழைக்குக் காரணம் இதுதான் என்னும் முன்முடிவு எதுவும் அவரிடம் இல்லை. கொள்கையை முதலில் வகுத்துக்கொண்டு சான்றுகளைத் தேடுவதை விடுத்து, எண்களை முதலில் திரட்டி, அவை காட்டும் வழியில் செல்வது என அவர் முடிவு செய்தார்.

எண்களின் வழியே

சிம்லாவில் இருந்த தலைமை அலுவலகத்தில் உலகின் பல பகுதிகளிலிருந்தும் வளிமண்டல அழுத்தம், வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றின் பதிவுகள் குவிந்தன. நைல் ஆற்றின் வெள்ள அளவும் தென் அமெரிக்காவின் அழுத்த அளவும் அவற்றுள் அடங்கும். கணினி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர்கள் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, கையாலேயே அவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். வாக்கரின் பெயரால் அறியப்படும் கண்டுபிடிப்பில் பெயர் பதியாத அவ்வெழுத்தர்களின் உழைப்பும் கலந்துள்ளது.

அவர் கையாண்ட கருவி ஒட்டுறவுக் கெழு என்பதாகும். இரு அளவுகள் ஒருங்கே கூடி ஒருங்கே குறைந்தால் கெழு +1ஐ நெருங்கும். ஒன்று கூடும்போது மற்றொன்று குறைந்தால் -1ஐ நெருங்கும். தொடர்பே இல்லையெனில் 0ஐ ஒட்டி நிற்கும். ஆனால், நூற்றுக்கணக்கான இணைகளை ஒப்பிடும்போது சில தொடர்புகள் தற்செயலாகவும் தோன்றிவிடும். இந்த ஆபத்தை வாக்கர் நன்கு உணர்ந்திருந்தார். மெய்யான தொடர்பையும் தற்செயலான தொடர்பையும் பிரித்தறிவதற்கான அளவுகோல் ஒன்றை 1914இல் அவரே வகுத்தளித்தார்.

இராமானுசனைக் கண்ட கண்கள்

1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் அலுவல் காரணமாக வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த சீனிவாச இராமானுசனின் கணித ஆக்கங்களை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜின் கணித ஆய்வாளர் ஒருவருடைய படைப்புக்கு இணையான புதுமை அந்த ஆக்கங்களில் உண்டு என மதிப்பிட்டார். அக்கணிதப் பிரிவில் தாம் வல்லுநர் அல்லர் என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டார். பிழைப்பைப் பற்றிய கவலையின்றி இராமானுசன் சில ஆண்டுகள் ஆய்வில் ஈடுபட வழிசெய்யுமாறு வேண்டினார். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. தெரிந்ததைத் துணிந்து சொல்வதும் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்வதும் வாக்கரின் இயல்பாக இருந்தன.

தென் அலைவு

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த கணக்கீட்டின் பயனாக ஓர் ஒழுங்கு புலப்பட்டது. பசிபிக் பெருங்கடற்பகுதியில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற்பகுதியில் அது தாழ்கிறது; அங்குத் தாழும்போது இங்கு உயர்கிறது. ஏற்றப்பலகையின் இரு முனைகளைப் போல அவை மாறி மாறி ஏறி இறங்குகின்றன. இதற்கு வாக்கர் தென் அலைவு எனப் பெயரிட்டார். இந்தியாவின் மழை, இந்தியாவிற்குள் மட்டுமே முடிவாவதில்லை என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

1924இல் வாக்கர் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். சர் பட்டம் பெற்ற அவர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்தாண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆயினும், அவர் நோக்கம் நிறைவேறியதாகக் கூற இயலாது. அவர் வகுத்த வாய்பாடுகள் சில ஆண்டுகள் பொருந்தின. சில ஆண்டுகள் பொய்த்தன. அழுத்தம் ஏன் அவ்வாறு ஊசலாடுகிறது என்பதற்கும் அவரால் காரணம் காட்ட இயலவில்லை. காரணம் புலப்படாத தொடர்புகளை ஏற்கப் பல அறிஞர்கள் தயங்கினர்.

விடை கடலில் இருந்தது

வாக்கரிடம் இல்லாத செய்தி ஒன்றே ஒன்றுதான். அது கடற்பரப்பின் வெப்பநிலை. பெருங்கடல் முழுவதும் ஒரே சீராக வெப்பமடைவதில்லை. பெரு நாட்டின் கரையோரம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. வியாபாரக் காற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை மேற்கு நோக்கித் தள்ளுவதால், இந்தோனேசியாவை ஒட்டிய கடல் 28 டிகிரி செல்சியசுக்கும் மேலாக வெப்பமுற்றிருக்கிறது. அங்குக் காற்று மேலெழுந்து மழையைத் தருகிறது. சில ஆண்டுகளில் வியாபாரக் காற்று தளர்கிறது. அப்போது வெப்பநீர் கிழக்கு நோக்கிப் பரவுகிறது. மழை மேகங்களும் உடன் இடம் பெயர்கின்றன. இதுவே எல் நினோ எனப்படுகிறது.

நம்மை அடுத்துள்ள கடல்களும் பருவந்தோறும் மாறுகின்றன. மே மாதத்தில் ஏறத்தாழ 30 டிகிரி வரை வெப்பமுறும் அரபிக்கடல், தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குளிர்கிறது. வங்கக் கடலோ அப்பருவத்திலும் பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேலாகவே நீடித்து, காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாக இடமளிக்கிறது.

1957, 1958ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் ஒன்றிணைந்து சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டைக் கொண்டாடின. அப்போது பசிபிக்கில் வலுவான எல் நினோ தோன்றியது. கடலின் வெப்பநிலை பரவலாக அளந்து பதிவு செய்யப்பட்டது. தேடிய விடைக்கான எண்கள் திரண்டுகொண்டிருந்த அதே காலத்தில், 1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், தம் 90ஆம் அகவையில் வாக்கர் மறைந்தார். அந்த எண்களை ஆராய்ந்த ஜேக்கப் பியர்க்னஸ், கடலின் வெப்ப மாற்றமும் வாக்கர் கண்ட அழுத்த ஊசலும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என விளக்கினார். பசிபிக்கின் மேல் கிழக்கு மேற்காக நிகழும் காற்றோட்டத்திற்கு 1969இல் வாக்கர் சுழற்சி எனப் பெயர் சூட்டினார்.

நிறைவாக

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குன்றும் வாய்ப்பு மிகுதி. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பெருகும் வாய்ப்பு மிகுதி. 2015இல் இரண்டும் நிகழ்ந்தன. ஆனால், மிக வலுவான எல் நினோ நிலவிய 1997இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை குறையவில்லை. எனவே, இவை வாய்ப்புகளே, உறுதிமொழிகள் அல்ல. இன்று மிதவைகளும் செயற்கைக்கோள்களும் கடலின் வெப்பத்தை நாள்தோறும் அளக்கின்றன. கோமுகி அணையின் நீரை நம்பி விதைக்கும் உழவருக்குப் பயன்படுவது, உறுதியான ஆருடமன்று; எந்த அளவிற்கு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் நேர்மையான கணிப்பே ஆகும். அந்த நேர்மையை எண்களின் துணையோடு கற்பித்தவர் கில்பர்ட் வாக்கர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியின் ஐந்தாண்டு மழையளவைத் திரட்டி, அவற்றுள் எல் நினோ ஆண்டுகள் எவை எனக் கண்டறிந்து ஒப்பிடுக.

2. காரணம் அறியப்படாத நிலையிலும் ஒரு தொடர்பைக் கண்டறிவது அறிவியலுக்குப் பயன் தருமா? வாக்கரின் வாழ்வை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.