எல்லப்பிரகடா சுப்பாராவ்

எல்லப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட், 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிரணுக்கள் ஆற்றலைச் சேமித்துச் செலவிடும் முறையை விளக்கிய கண்டுபிடிப்புகளிலும், ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய் மருந்து ஆகியவற்றின் உருவாக்கத்திலும் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

== இளமையும் கல்வியும் ==
அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராலான அறுவை அங்கியை அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். இதனால் இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தகுதி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணி கிடைக்காத நிலையில், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

== ஹார்வர்ட் ஆய்வுகள் ==
1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் சென்று, மருத்துவமனைப் பணியாளராக உழைத்தபடியே ஹார்வர்டில் பயின்றார். அங்கு சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, உடல் திரவங்களில் உள்ள பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் முறையை 1925இல் வெளியிட்டார். இம்முறை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை எனப்படுகிறது.

இம்முறையைக் கொண்டு தசைகளை ஆராய்ந்த இருவரும் 1927இல் பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தனர். தசை இயங்க லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கைக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு வலுச்சேர்த்திருந்தது. புதிய கண்டுபிடிப்பு அக்கொள்கையை அசைத்தது. 1929இல் அடினோசின் முப்பாஸ்பேட்டை (ஏ.டி.பி.) தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனித்து இதனைக் கண்டறிந்தார். உயிரணுவின் ஆற்றல் நாணயம் எனப்படும் இச்சேர்மம் பெருமளவில் இழைமணிகளில் உருவாகிறது என்பதைக் கென்னடி, லெனிஞ்சர் ஆகியோரின் ஆய்வு 1948-49இல் தெளிவாக்கியது.

== மருந்து ஆய்வுகள் ==
ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்காததால் 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். இவரது குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவ்வமிலத்தின் எதிர்ப்பொருளான அமினாப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1947-48இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தார். இதன் உறவுச் சேர்மமான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இக்குழு 1947இல் அறிமுகப்படுத்திய டைஎத்தில்கார்பமசின், யானைக்கால் நோய்க்கான மருந்தாகும். புதுச்சேரி உள்ளிட்ட கிழக்குக் கடற்கரைப் பகுதிகளை நெடுங்காலம் வருத்திய இந்நோயை ஒழிக்க, 2004 முதல் இந்தியா முழுவதும் நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் இம்மருந்து வழங்கப்பட்டது. புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் இந்நோய் குறித்து ஆராய்ந்து வந்துள்ளது.

== மறைவும் மதிப்பீடும் ==
1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே காலமானார். தம் குழுவின் வெற்றிகளில் தம்மை முன்னிறுத்தாததால் வாழும் காலத்தில் இவர் பரவலாக அறியப்படவில்லை. இவரது ஹார்வர்ட் கண்டுபிடிப்புகள் சில வெளியிடப்படாமல் போனதால் பிறரால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியிருந்தது என நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பதிவுசெய்துள்ளார். சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசிஸ் என இவரது பெயர் சூட்டப்பட்டது. பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.