10,080 வகுத்திகள் கொண்ட எண்: ராமானுஜனுக்குப் பட்டம் தந்த ஆய்வு

67,46,32,83,88,800 என்ற எண்ணை மீதமின்றி வகுக்கும் முழு எண்கள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலின் கடைசி எண் இது. கல்லூரித் தேர்வுகளில் தோற்ற அவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெற்றுத் தந்ததும் இந்த ஆய்வே.

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மனம் தோய்ந்ததால் பிற பாடங்களில் தேறவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்ச்சி கிட்டவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஆனார். மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரது வாழ்வைத் திருப்பியது. 1914 மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, தமக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களின் இயல்பு. 12-க்கு ஆறு வகுத்திகள். அடுத்து அதனை விஞ்சுவது எட்டு வகுத்திகள் கொண்ட 24. இவ்வகை எண்கள், இரண்டே வகுத்திகள் கொண்ட பகா எண்களுக்கு நேர் எதிரானவை.

இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், 2 தொடங்கி எந்தப் பகா எண்ணும் இடையில் விடுபடாது. பகா எண் பெரிதாக ஆக, அது இடம்பெறும் தடவை கூடாது. பட்டியலின் கடைசி எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இரு முறையும், 11 முதல் 23 வரையிலான ஐந்து பகா எண்கள் ஒவ்வொரு முறையும் வருகின்றன. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, இவ்வகை எண்கள் அனைத்திலும் மிகப் பெரிய பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 102 எண்களை அவர் பட்டியலிட்டார். அதில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 5,040 வகுத்திகள் கொண்ட 2,93,31,86,25,600. அதனை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் கிடைக்கும்.

இந்த ஆய்வுக்காக 1916 மார்ச் மாதம் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

லண்டன் கணிதக் கழகத்தின் நிதி நெருக்கடியால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் இருவரின் குறிப்புகளுடன் அப்பகுதி 1997-இல், ராமானுஜன் பெயரிலேயே நடத்தப்படும் ஆய்விதழில் வெளிவந்தது.